தள்ளுவண்டிக் காவல்

ஞாயிறு மத்தியானம் கணவர் ஒரு பழைய கௌபாய் படம் போட்டார். காவல் நேரத்தில் இடத்தை விட்டுப் போன சிப்பாய் ஒருவனின் சட்டையிலிருந்து, எல்லோர் முன்னிலையிலும் பதவிப் பட்டிகளைக் கிழித்தெடுக்கிறார்கள். கோட்டைக் கதவு அவனுக்குப் பின்னால் மூடுகிறது. மடித்துக்கொண்டிருந்த மகளின் உடுப்பை நான் கீழே வைத்துவிட்டேன்.

நோர்வேயின் ஹவுகெட்டோவில் புதிதாகத் தாயான நாங்கள் சிலர் புதன்கிழமைகளில் ஒரு கஃபேயில் கூடுவோம். எனக்கு அதைவிட்டால் கதைக்க வேறு யாருமில்லை. இங்கே குளிரிலும் குழந்தைகளை வாசலில் தள்ளுவண்டியில்தான் தூங்கவிடுவார்கள். அதுதான் நல்லது என்று நானும் வாசித்திருந்தேன். இருந்தும், முதல் பனி விழுந்த அன்று, வெளியே ஒரு குழந்தை சிணுங்கியபோது, யாருடையது என்றுகூடக் கேட்காமல் தூக்கிவந்து கஃபேயின் பின்பக்கச் சூட்டில் வைத்துக்கொண்டேன். பார்க்கப் போன தாய் வெறும் வண்டியைக் கண்டு அலறினாள். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. அதன்பின் நான் போகவில்லை.

படத்தில் அந்தச் சிப்பாய் கோட்டைக்கே திரும்பிக்கொண்டிருந்தான்.

"ஏன் திரும்பிப் போறான்? வேறை ஊருக்குப் போகலாம்தானே?"

"ஏன், நீரும் துரொண்ட்ஹெய்முக்கு வீடு மாறப்போறீரோ?"

"பகிடி விடாதேங்கோ. பிள்ளையைத் தூக்கினது பிழையோ?"

"சொல்லாமல் தூக்கினதுதான் பிழை. புதன்கிழமை போமன். உமக்குக் குதிரையும் தேவையில்லை, நடந்தே போகலாம்."

அவன் கோட்டைக் கதவைத் தட்டியதுவரை பார்த்தேன். மகள் எழும்பிவிட்டாள். பட்டி திரும்பக் கிடைத்ததா என்று தெரியாது.

புதன்கிழமை போனேன். நோர்வேஜிய மொழியில் பல விதமாக மன்னிப்புத் தயார்செய்திருந்தேன். எல்லாமே சாக்குப் போலக் கேட்டன. அந்தத் தாய் வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் என்னுடையதை நிறுத்தினேன்.

"அன்று உங்களைப் பயப்படுத்திவிட்டேன். கேட்டிருக்க வேண்டும்."

அவள் தன் வண்டியின் பிரேக்கை மிதித்தாள்.

"நான் கோப்பி வாங்கிவருகிறேன். இரண்டு பேரையும் பார்த்துக்கொள்ளுங்கள். அழுதால் என்னைக் கூப்பிடுங்கள்."

அவள் உள்ளே போனாள். நான் இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் நின்றேன். மகளின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன்; சூடாகத்தான் இருந்தது. மறுபடியும் தொட்டுப் பார்த்தேன். அப்போது அவளுடைய மகன் சிணுங்கினான். என் கை அவன் போர்வைவரை போய்விட்டது.

கையை இழுத்துக்கொண்டு, கஃபேயின் கண்ணாடியில் தட்டினேன். அவள் அவசரப்படாமல் வந்தாள், இரண்டு கோப்பியோடு.