கிருபாகரன் மாமாவின் மார்பிள்

தைப்பூசத்தன்று சுபோதினி மாமி மகளின் பிரசவம் பார்க்கக் கனடாவுக்குப் புறப்பட்டார். கிருபாகரன் மாமா பயணம் நல்லபடி முடிய ஒரு தேசிக்காயை, எலுமிச்சையை, வெட்டி, குங்குமம் தடவி, கொழும்பு வெள்ளவத்தை ஃபிளாட்டின் மார்பிள் வாசலில் இரு பாதிகளையும் கவிழ்த்து வைத்தார். மாமி அங்கே இறங்கும்வரை அதை எடுக்கக் கூடாதாம். மனைவியிடம் அவர் கடைசியாகச் சொன்னது: "சூட்கேசை இழுக்காதை, தூக்கு. நிலம் கீறும்."

ஓய்வுபெற்ற சுங்க அதிகாரியான அவர் வாழ்நாளில் நேசித்தது அந்தத் தரையை மட்டும்தான். கதிரைக் கால்களுக்கெல்லாம் பழைய காலுறை மாட்டியிருந்தார். தடிபோட்ட துடைப்பம் கீறும் என்று மாமியை வருடக்கணக்காக முழங்காலில் இருத்தித் துணியால் துடைக்கவைத்தார். தான் ஒருநாளும் குனிந்ததில்லை.

மாமி போய்ச் சேர்ந்த செய்தி வந்ததும் தேசிக்காயை எடுத்தார். அடியில் மங்கிய இரண்டு வட்டங்கள். கறை போக்க வினாகிரிப் புளிக்காடி ஊற்றித் தேய்த்தார். வட்டங்கள் பெருத்தன.

நாடுகள் சுற்றி முடித்து அவர் வீட்டுப் பின்னறையில் தங்கியிருந்த, அவரின் அக்கா பிள்ளையான நான் சொன்னேன்: "மாமா, அது ஊத்தையில்லை. புளி கல்லை அரிச்சிட்டுது. மார்பிளுக்கு வெறும் தண்ணி, மிஞ்சினால் ரெண்டு சொட்டு மென்மையான சோப். உடனை ஈரத்தை ஒத்தியெடுக்க வேணும். அவ்வளவுதான்."

"நாடு நாடாச் சுத்தினது நிலம் துடைக்கப் படிக்கவோ? பேசாமல் இரு பிள்ளை."

வாசல் மட்டும் தனியாகத் தெரிகிறதென்று, கக்கூஸ் கழுவும் அசிட்டை வீட்டு ஹோல் தரை முழுவதும் ஊற்றினார். தரை பொங்கி நுரைத்தது.

"பார், ஊத்தை கிளம்புது!"

கிளம்பியது கல். காய்ந்தபோது இத்தாலி மார்பிள் பழைய சீமெந்தாகக் கிடந்தது.

"இதைப் பார்த்தால் அவள் வருவாளோ?" என்றார், குரல் இறங்கி. மாமி வராமலே விட்டுவிடுவாரோ என்ற பயம் அவருக்கு. தேத்தண்ணிகூட ஊற்றத் தெரியாத மனிதர். ஆனால் தொலைபேசியில் பேரனைப் பற்றிக் கேட்கவில்லை, மாமியின் முழங்கால் நோவைப் பற்றிக் கேட்கவில்லை. தரையைப் பற்றியே கதைத்தார். தரை மினுங்கினால் மனைவி திரும்பிவிடுவாள் என்று நம்பினார். ஆட்களைப் பிடித்துக் கல்லை அரைத்து மினுக்கி, படம் எடுத்து அனுப்பினார்: "பளபளக்குது. எப்ப வாறாய்?"

பதில் வந்தபோது அடுத்த தைப்பூசமும் கழிந்திருந்தது.

"வடிவாத்தான் இருக்கு. எனக்கு முழங்கால் நோவு மாறிச் சுகமாயிட்டுது. நான் இனி வரேல்லை. வெறும் தண்ணியிலை துடையுங்கோ."