சரிவு ரோட்டில் ஐந்து நிமிடம்

இதைக் கதையென்று படிக்காதீர்கள். நடந்தது. மணியைக்கூடச் சொல்கிறேன், என் சைக்கிள் கைப்பிடியில் கடிகாரம் இருந்தது.

அடுப்பு, படுக்கை எல்லாம் உள்ளேயே இருக்கும் கேம்பர் வேன் ஒன்றை எடுத்துக்கொண்டு விடுமுறைக்குக் கிளம்பியிருந்தோம். நான், என் கணவர், நான்கு வயது மகள் குட்டி. இப்படி வரும் வேன்கள் தங்கும் முகாமில் அதை நிறுத்தி, கரண்ட், தண்ணீர்க் குழாய் எல்லாம் மாட்டிவிட்டால் லேசில் நகர்த்த முடியாது. அக்கம்பக்கம் போக சைக்கிள்தான். கணவரின் சைக்கிளுக்குப் பின்னால் வலை போட்டு மூடிய குழந்தை வண்டியைக் கொக்கியில் மாட்டி இழுப்போம். இந்தப் பயணத்துக்கென்றே புதிதாக வாங்கியது. இரண்டு இருக்கை. இடப்பக்கம் குட்டி, வலப்பக்கம் சாமான்.

முகாம் அலுவலகத்தில் இருந்த இளம்பெண் கடைக்கு வழி சொன்னாள்.

"வாய்க்கால் ஓரமாவே போங்க அக்கா. சரிவு ரோடு வேண்டாம்."

போகும்போது அப்படித்தான் போனோம். கடையில் பால் வாங்கும்போது கணவரின் முகம் வெளுத்தது.

"கேஸ் வால்வை மூடினேனா?"

"என்னைக் கேட்டா?"

"டீ போட்டது நீதானே?"

"ரெண்டாவது தடவை சுட வச்சுக் குடிச்சது யாராம்?"

திரும்பும்போது சரிவு ரோட்டில் இறங்கினோம். அந்த வழியில் பத்து நிமிடம் மிச்சமாகும். மணி 4.47. நல்ல வெயில்.

அவர் முன்னால், நான் பின்னால். குழந்தை வண்டி வலப்பக்கமாகச் சாய்ந்து ஓடியது. அந்தப் பக்கம் இருந்தது இரண்டு பால் பாக்கெட்டும் ஒரு ரொட்டியும்தான்.

4.49. குட்டியின் குரல் கேட்டது. "தள்ளி உக்காரு."

தனியாகப் பேசும் பழக்கம் அவளுக்கு உண்டு. சிரித்துக்கொண்டேன்.

"ஓரமா வா... பின்னாடி லாரி வருது" என்றார் கணவர்.

திரும்பினேன். ரோடு காலி.

"லாரி எதுவும் இல்லைங்க."

"இந்த ஹாரன் சத்தம் கேக்கலையா உனக்கு?"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் வெறிபிடித்தவர் போல மிதித்தார்.

4.51. வலை புடைத்தது. உள்ளிருந்து ஒரு சின்ன முஷ்டி. இன்னொன்று. பிறகு மூன்றாவது...

என் மகளுக்கு இரண்டு கைதான்.

"அம்மா... கடிக்கிறான்..."

டக்கென்று கொக்கி கழன்றது. வண்டி கவிழ்ந்தது. கர்ர்ர்... தார் ரோட்டில் தேய்ந்துகொண்டே போனது.

சரிவில் கீழே அல்ல. மேலே.

சைக்கிளைப் போட்டுவிட்டுப் பாய்ந்தேன். வலையைக் கிழித்தேன். குட்டியின் வலது கை முழுக்க ரத்தம். சதைக்குள் பல் தடம் அழுந்திக்கொண்டே போனது. கடிக்கும் வாயைக் காணோம்.

அவளை இழுத்தேன். அதுவும் இழுத்தது.

வண்டிச் சட்டத்தில் மாட்டியிருந்த காற்றடிக்கும் பம்ப் கையில் சிக்கியது. அந்த வெறும் இடத்தில் ஓங்கி அடித்தேன்.

ஒன்று.

இரண்டு.

மூன்றாவது அடியில் ஏதோ நொறுங்கியது... சின்ன எலும்பு மாதிரி.

பிடி விட்டது.

4.52.

வேனில் வால்வு மூடித்தான் இருந்தது.

முதலுதவிப் பெட்டி கேட்டு அலுவலகத்துக்கு ஓடினோம். அந்தப் பெண் குட்டியின் கையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் தன் சட்டைக் கையை மடித்துக் காட்டினாள். அதே கை. அதே இடம். வெளுத்துப்போன அதே பல்வரிசை.

"என் தம்பி. அப்ப எனக்கு ஆறு வயசு, அவனுக்கு நாலு. இதே மாதிரி வண்டி. லாரி மோதி மேடு வரைக்கும் இழுத்துட்டுப் போச்சு. அவன் பாதி வெளியில... என்னை விட்டுடக் கூடாதுன்னு கடிச்சுப் பிடிச்சுக்கிட்டான்."

பஞ்சை வைத்துக் கட்டினாள்.

"உங்க பாப்பாவை எப்படிக்கா விட்டான்?"

சொன்னேன்.

"எத்தனை அடி?"

"மூணு."

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"நானும் மூணுதான். தண்ணி பாட்டிலால, முகத்துலயே... அவனா நழுவி விழுந்துட்டான்னுதான் எங்கம்மா இன்னைக்கும் நம்பிட்டு இருக்காங்க."