தெருமுனை பேனர்

படிப்பை நிறுத்திய பெண்பிள்ளைகளின் வீடுகளைத் தேடிப்போய்ப் பேசுகிறவள் அவள். இருபது வயதுகூட இருக்காது. எந்த வீட்டிலும் உட்காரமாட்டாள். ஹெல்மெட்டை இடுப்பில் அணைத்தபடி வாசலிலேயே நிற்பாள். அன்று குருசுக்குப்பத்தில் எங்கள் எதிர்வீட்டுக்கு வந்தாள்.

"வயசுக்கு வந்த பொண்ணும்மா. நாலு பேரு பாப்பாங்க. ஸ்கூலுக்கெல்லாம் அனுப்ப முடியாது" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

அவள் தெருமுனையைக் காட்டினாள். மஞ்சள் நீராட்டு விழா பேனரில் அவர் மகள் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஊரே பாக்கணும்னு நீங்கதானண்ணா வெச்சீங்க? ஸ்கூலுக்குப் போனா மட்டும் பாக்கக்கூடாதா?"

மறுநாள் அவர் பேனரைக் கழற்றி மீன்வலை மேல் போர்த்தினார். மகளை அனுப்பவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் அவள் மறுபடி வந்தாள்.

"பேனர கழட்டிட்டீங்க, சரி. பொண்ண எப்ப வெளிய விடப்போறீங்க?"

அன்றும் அவள் உட்காரவில்லை.