கேப்டன் ஃபைசலை நான் பறக்க விடாத வெள்ளிக்கிழமை

ஆபீஸ் கதவைத் திறந்ததும் ஹெலிகாப்டர் எண்ணெய் வாசனை குப்புன்னு வரும். கூடவே ஏலக்காய் தூக்கலா போட்ட கராக் டீ வாசனை. இன்னைக்கும் இந்த ரெண்டும் ஒண்ணா மூக்குல ஏறினா எனக்கு அந்த மொத வருஷம்தான் ஞாபகம் வருது, பாத்துக்கோங்க...

துபாய்ல சின்ன ஹெலிகாப்டர் கம்பெனி. கடலுக்குள்ள இருக்கிற எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆள் கொண்டு போவோம், பெரிய மனுஷங்களைத் தீவுகளுக்குக் கூட்டிட்டுப் போவோம். நான் திருநெல்வேலில இருந்து வந்து இறங்கின புதுசு. ரோஸ்டர் போடுறது என் வேலை. எந்த பைலட் எப்போ ஓட்டணும், யாருக்கு எப்போ ரெஸ்ட்... எல்லாம் என் போர்டுலதான்.

எங்க பைலட்டுகள்லயே எனக்குப் பிடிச்சவர் கேப்டன் ஃபைசல். எமிராத்தி. சம்பளத்துக்கு எங்ககிட்ட ஓட்டுவார், லீவு நாள்ல ராணுவ ரிசர்வுல போய் ஹெலிகாப்டர் ஓட்டுவார். நம்மாளுங்க வெள்ளிக்கிழமை லீவுன்னா பேட்டைத் தூக்கிட்டு கிரவுண்டுக்கு ஓடுவாங்கல்ல... இவர் யூனிஃபார்மை மாட்டிட்டு ஓடுவார். அந்த உடுப்புல அவர் நடையே வேற!

எங்க ஓட்டினாலும் களைக்கிற உடம்பு ஒண்ணுதானே? அதனால ராணுவத்துல பறந்த நேரத்தையும் சேர்த்துத்தான் நான் ரெஸ்ட் கணக்குப் பார்க்கணும். ஒவ்வொரு தடவையும் தரை இறங்கினதும் போன் பண்ணுவார். "செல்வி, ஆன் த கிரவுண்ட்." அவ்வளவுதான், வச்சிடுவார். நானும் போர்டுல பச்சை மார்க்கரால குறிச்சுப்பேன்.

மேனேஜருக்கு இந்த ரிசர்வ் சமாசாரமே ஆகாது. ஒருநாள் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார்... இன்னொரு தடவை ரிசர்வால நம்ம ஃப்ளைட் கெட்டுச்சுன்னா, ரெண்டுல ஒண்ணை விட்டுடு. கேப்டன் மூஞ்சி செத்துப் போச்சு. குடும்பம் நடக்கிறது இந்தச் சம்பளத்துல. மனசு கிடக்கிறது அந்த யூனிஃபார்ம்ல. எதைங்க விடுவார்?

அப்பத்தான் வந்துச்சு அந்த வெள்ளிக்கிழமை.

ராஸ் அல் கைமா மலைப் பக்கம் செம மழை. மழை பெஞ்சா அங்க வாதின்னு சொல்ற காஞ்ச பள்ளத்தாக்கு எல்லாம் ஆறா ஓடும். காருங்க மாட்டிக்கிச்சு, ஆளுங்க மாட்டிக்கிட்டாங்க. விடியுறதுக்குள்ள ரிசர்வ்ல இருந்து கேப்டனைக் கூப்பிட்டுட்டாங்க. மத்தியானமோ எங்க பெரிய கஸ்டமரைத் தீவுக்குக் கூட்டிட்டுப் போறது அவர் பேர்லதான் இருந்துச்சு.

நேரா ஆபீசுக்கே வந்துட்டார். பூட்ஸ் பூரா சேறு, கண்ணு ரெண்டும் செவசெவன்னு. என் மேசை முன்னாடி நின்னு, "செல்வி, ஆன் த கிரவுண்ட்"ன்னார். அப்புறம் மெதுவா ஹிந்தில, "என் பேரை அழிச்சிடாதே. நான் ஓட்டிடுவேன்."

மேனேஜரும் வந்துட்டார். "மிலிட்டரி நேரம்லாம் நமக்கு மாஃபி, கணக்குலயே கிடையாது. யல்லா, அனுப்பு!"

எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அழிச்சா அவரோட ரிசர்வ் போச்சு. அழிக்கலன்னா... ஏறி உக்காரப் போற உசுருங்க? எனக்கு இன்னும் ப்ரொபேஷன்கூட முடியல, விசா கம்பெனி கைல. கேப்டனுக்கு ஒரு கராக் எடுத்து நீட்டினேன். வாங்கினவர் கை நடுங்கி டீ தளும்புச்சு.

அழிச்சிட்டேன்.

"சாரி கேப்டன், இன்னைக்கு உங்களுக்கு ஃப்ளைட் மாஃபி"ன்னேன். மேனேஜர் பெட்டியக் கட்டு, ஊருக்குப் போன்னு கத்துறார். நான் அழுதுக்கிட்டே ஸ்டாண்ட்பை பைலட்டுக்கு போன் போட்டேன். அவர் ஷார்ஜா டிராஃபிக்ல மாட்டி வந்து சேரணும்.

லவுஞ்சுல கஸ்டமர் சத்தம் போட ஆரம்பிச்சுட்டார். வயசான அரபி, பெரிய வியாபாரி. பார்த்தா, கேப்டன் ஃபைசல் அந்தச் சேத்து பூட்ஸோடயே விறுவிறுன்னு லவுஞ்சுக்குள்ள போறார். அரபில என்னமோ சொல்றார். ரிசப்ஷன்ல இருந்த காயல்பட்டினத்து ரஹீமா லாத்தா என் காதுல சொன்னாங்க: "விடியக்காலைல இருந்து வாதில மாட்டினவங்களத் தூக்கிட்டு இருந்தேன், இப்ப உங்கள ஏத்திட்டுப் பறக்கிற நிலைமைல நான் இல்ல, அந்தப் பொண்ணு என்னை நிறுத்தினது சரிதான்ங்கிறாருடி!"

பெரியவர் சத்தம் அப்படியே நின்னுச்சு. கேப்டனைக் கையப் புடிச்சு பக்கத்துல உக்கார வச்சு, தன் கையாலயே காவா, அதான் அரபிக் காப்பி, ஊத்திக் குடுத்தார். அப்புறம் மேனேஜரைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இந்த நிலைமைல இருக்கிற மனுஷனையா என்னை ஏத்திட்டுப் பறக்கச் சொல்லி அனுப்பப் பார்த்தே?"

ஃப்ளைட் லேட்டாத்தான் கிளம்புச்சு. ஆனா அதுக்கப்புறம் ரிசர்வை விடுன்னு அந்த ஆபீஸ்ல ஒருத்தரும் வாயத் திறக்கல. நானும் பெட்டி கட்டல. சாயங்காலம் போறப்ப கேப்டன் கேட்டார், "நாளைக்கு நான் ஓட்டலாமா?" நான் கெத்தா, "ரெஸ்ட் முடிஞ்சா நானே சொல்றேன்"னேன். ஆளு விழுந்து விழுந்து சிரிச்சார்.

இப்ப அந்த போர்டும் இல்ல, மார்க்கரும் இல்ல. எல்லாம் சாஃப்ட்வேர். ரெஸ்ட் பத்தலன்னா பேர் தானா சிவப்பா மாறிடும். சாஃப்ட்வேர்கிட்ட யாரும் கத்துறதில்ல, பெட்டியக் கட்டுன்னு சொல்றதும் இல்ல. நல்லதுதான்... ஆனா என் டீம் பொண்ணுங்களுக்கு ஒருத்தர் மூஞ்சியப் பார்த்து 'முடியாது'ன்னு சொல்ற சங்கடமும் தெரியல, அதைச் சொல்லிட்டு வீட்டுக்குப் போறப்ப வர்ற அந்த நிமிர்வும் தெரியல.

அன்னைக்கு மேனேஜர் உக்கார்ந்த நாற்காலில இப்ப நான் உக்கார்ந்திருக்கேன். கேப்டனுக்குத் தாடியெல்லாம் நரைச்சுப் போச்சு. ரிசர்வ்ல இன்னும் ஓட்டுறார். அவர் இறங்கினா ஆப்லயே வந்துடும், போன் பண்ண வேண்டிய அவசியமே இல்ல.

போன வாரம் மீட்டிங் நடுவுல போன் அடிச்சுச்சு. எடுத்தேன்.

"செல்வி, ஆன் த கிரவுண்ட்."

வச்சிட்டார். அதுக்கப்புறம்தான் ஆறிப்போன என் கராக்கை எடுத்துக் குடிச்சேன்.