தடிக்குள் நீலம்

அறுபதுகளில் நான் சிவகாசிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது மாமனாருக்குத் தீக்குச்சி சீவும் பட்டறை இருந்தது. கேரளத்திலிருந்து லாரியில் மரத்தடிகள் வரும். சீவிக் காயவைத்துத் தீப்பெட்டிக் கம்பெனிகளுக்கு அனுப்புவோம். ஒரு மழைக்காலத்தில் குச்சியெல்லாம் நீலம் பாய்ந்துவிட்டது. கம்பெனிக்காரர்கள் ஒரு லோடை அப்படியே திருப்பி அனுப்பினார்கள்.

"மழையில நனைஞ்ச மரம், வேறென்ன?" என்றார் மாமனார்.

நான் மதுரையில் விலங்கியல் படித்தவள். கல்லூரியில் வாங்கிய கைலென்சை எடுத்துக்கொண்டு, மூத்த ஓரகத்தியோடு தடிகள் கிடந்த இடத்துக்குப் போனேன். பட்டையில் ஊசி குத்தியதுபோல் துளைகள். துளை வாயில் மரத்தூள் வெள்ளை மாவாகக் கிடந்தது. என் கணவர் கோடரியால் ஒரு தடியைப் பிளந்து கொடுத்தார். துளைகளைச் சுற்றித்தான் நீலம் படர்ந்திருந்தது. உள்ளே கடுகளவு வண்டுகள், வெண்புழுக்கள்.

"மரத்தைத் திங்குதுக," என்றாள் ஓரகத்தி.

"தின்னா, மாவை எதுக்குக்கா வெளிய தள்ளணும்?"

அவள் லென்சை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். துளைச் சுவரில் மெல்லிய பூசணம். புழுக்கள் அதைத்தான் மேய்ந்தன.

"ஏ தங்கச்சி, இது வெள்ளாமையில்லா பண்ணுது!" என்றாள். சாத்தூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டில் பிறந்தவள். அவள் சொன்னது சரிதான். பூசண விதையை வண்டு தன் உடம்பிலேயே சுமந்துவந்து, செத்த மரத்தில் துளையிட்டு விதைக்கிறது என்று பிற்பாடு படித்தேன்.

வண்டுதான் இந்த நீலப் பூசணத்தைக் கொண்டுவருகிறது என்றதும் மாமனார் சிரித்தார். "பூச்சி மைக்கூடு தூக்கிட்டு வருதாக்கும்?"

அடுத்த லாரி வந்ததும் துளை விழாத ஒரே தடியில் இரண்டு துண்டு அறுத்தோம். ஒன்றைப் பழைய வேட்டியால் இறுகச் சுற்றினோம். மற்றதைத் திறந்து போட்டோம். சில வாரம் கழித்து அவர் முன்னாலேயே பிளந்தோம். திறந்து கிடந்ததில் துளைக்குத் துளை நீலம். சுற்றிவைத்ததில் அறுத்த முனையில் மட்டும் லேசாக இருந்தது.

"அந்த முனைக்கு என்ன சொல்லுத?" என்றார்.

"பூசணம் காத்துலயும் வரும், மாமா. ஆனா அம்புட்டும் மழையில வந்ததில்ல."

அவர் இரண்டு துண்டுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "சரி, இப்ப என்ன செய்யணும்?"

ஓரகத்திதான் சொன்னாள்: "தண்ணிக்குள்ள போட்டு வச்சா வண்டு எப்படி மாமா ஏறும்?"

மாமனார் சிமெண்ட் தொட்டி கட்டினார். வந்த தடிகளை அன்றைக்கே அதில் முக்கினோம். நீலம் அடியோடு போகவில்லை. ஆனால் வெகுவாகக் குறைந்தது. தொட்டித் தண்ணீர்தான் தெருவே மூக்கைப் பிடிக்கிற மாதிரி நாறியது. பக்கத்து வீட்டார் எங்களோடு பேச ஒரு மாதத்துக்குமேல் ஆயிற்று.