மூட்டையில் கட்டிய மேசை

வேலையும் தனியாக ஒரு வாடகை அறையும் கிடைத்தவுடன் எனக்கு வந்த முதல் ஆசை, கதவில் ஒரு பெயர்ப்பலகை. எங்கள் வம்சத்தில் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொள்ளும் யோகம் அடித்த முதல் ஆள் நான். அதைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பானேன்? பிளாஸ்டிக் வேண்டாம், மரத்தில்தான் வேண்டும் என்று மளிகைக் கடைக்காரரிடம் விசாரித்தேன். பின் தெருவில் ஊசியக்கா என்று ஒருவர் இருக்கிறார், எழுத்தைப் பூ மாதிரி வெட்டுவார், ஆனால் அவர் புருஷனைப் பற்றி மட்டும் வாயைத் திறந்துவிடாதே, திறந்தால் அன்றைக்கு வேறு வேலை ஓடாது என்று சொல்லி அனுப்பினார்.

ஊசியக்கா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவர். பெயர் அப்படி வந்ததுதான். கைக்குழந்தைக்குக்கூட முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்துவிடுவாராம். நான் எழுதிக் கொண்டுபோன தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"என்ன தம்பி, பேரைவிடப் பட்டம் பெருசா இருக்கு?"

"பேரு சும்மா வந்ததுக்கா. பட்டம் படிச்சு வாங்கினது."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்துப்போயிற்று. பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சன்னலோரம் ஒரு ஸ்க்ரோல் சா மெஷின். பார்த்தால் தையல் மெஷினுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். ஊசி இருக்க வேண்டிய இடத்தில் நூல் கனத்தில் ஒரு ரம்ப பிளேடு, மேலே ஒரு பிடி, கீழே ஒரு பிடி. சுவிட்சைத் தட்டினால் அது நின்ற இடத்திலேயே மேலும் கீழும் துடிக்கும். பலகையைத்தான் நாம் திருப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். எழுத்துக்குள் இருக்கும் சுழியை வெட்ட முதலில் அங்கே ஒரு துளை போட்டு, பிளேடைக் கழற்றித் துளைக்குள் நுழைத்து, மறுபடி மாட்டி, வெட்டி, மறுபடி கழற்ற வேண்டும். ஒரு சுழிக்கு இத்தனை பாடு. என் பட்டத்தில் சுழிகளுக்குப் பஞ்சமே இல்லை. அக்கா ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. உதட்டை மடித்துக்கொண்டு, பாட்டுக் கேட்கிற முகத்தோடு வெட்டிக்கொண்டிருந்தார்.

நல்ல பலகையாக இருக்கிறதே, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"வாங்கலை தம்பி. எங்க வீட்டுக்காரர் தலை வெச்சுப் படுத்த கட்டில் பலகை இது."

கடைக்காரர் எச்சரித்தது சரிதான். அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை.

புருஷன் பெயிண்ட் கம்பெனி விற்பனையாளர். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு ஒரே பல்லவிதான், உன் கைக்கு எதுவும் நேராக வராது என்று. ரொட்டியை வெட்டினால் கோணல், துணியை மடித்தால் கோணல், சுவரில் படம் மாட்டினால் கோணல். விருந்தாளிகள் வந்தால் இதையே நடித்துக் காட்டுவாராம். சிரித்து முடித்ததும் அக்கா உள்ளே போய் டம்ளர் கழுவுவார். அந்த மெஷினை வாங்கியவரும் அவர்தான். இரண்டு தரம் உட்கார்ந்தார், இரண்டு தரமும் பிளேடு பட்டென்று போனது. மெஷின் சரியில்லை என்று உறை போட்டு மூடினார். நீ தொட்டால் இருப்பதும் போய்விடும் என்று அக்காவுக்கு உத்தரவு வேறு.

பிறகு ஒருநாள் அவர் வேறு ஊருக்கு, வேறு ஒருத்தியிடம் போய்விட்டார். நேரில் சொல்லவில்லை, தன் தம்பியை அனுப்பிச் சொன்னார். காரணமும் சொல்லி அனுப்பியிருந்தார்: கோணலான கையோடு குடும்பம் நடத்த முடியவில்லையாம்.

"அழுதீங்களாக்கா?"

"ரெண்டு நாள் அழுதேன். மூணாம் நாள் உறையைக் கழட்டினேன்."

முதலில் பிளேடைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார். பல் கீழே பார்த்திருக்க வேண்டும், மேலே பார்த்தது. சுவிட்சைப் போட்டதும் பலகை தாடைக்குத் தாவி ஓர் அறை விட்டது. புருஷனே வந்து அறைந்துவிட்டுப் போனார் என்று நினைத்துக்கொண்டு, இன்னும் வேகமாகப் பழகினேன் என்றார். பழகப் பழக ஒன்று புரிந்ததாம். அந்த மெஷினில் நேர்கோடு வெட்டுவதுதான் கஷ்டம். வளைவுக்கென்றே பிறந்த மெஷின் அது.

"கோணல் கைக்காரிக்குன்னே செஞ்சு வெச்சிருக்கான் தம்பி, எவனோ புண்ணியவான்."

மரத்துக்கு எங்கே போவது? வீடு நிறைய அவர் ஆசையாசையாக வாங்கிப் போட்ட மரச்சாமான் இருந்தது. செருப்பு அலமாரியில் தொடங்கினார். பிறகு அவருடைய புத்தக அடுக்கு, பிறகு கட்டில். எல்லாவற்றையும் வாத்தாக வெட்டினார். முன்னால் தொந்தியும் பின்னால் ஓர் ஆட்டமுமாக, அவர் நடையை அப்படியே பிடித்த வாத்துகள். உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்துப் பரிசோதனை நிலையத்துக்கு எடுத்துப்போய், ஊசி குத்திக்கொண்டு அழுகிற பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று கொடுத்தார். பல் முளைக்கிற பருவத்துப் பிள்ளைகளுக்கு முதலிடம்.

"இந்த ஊர்ப் பிள்ளைங்க பூரா அவரைக் கடிச்சுத் துப்பிட்டிருக்குதுங்க" என்றார். அதைச் சொல்லும்போது அந்த முகத்தில் இருந்த நிம்மதியை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

பெயர்ப்பலகை முடிந்த பிறகும் நான் போவதும் வருவதுமாக இருந்தேன். அப்போதுதான் அக்கா மேசையில் கை வைத்தார். அது புருஷனின் அப்பா போட்ட தேக்கு மேசை. அக்கா அதன்மேல் ஒரு டம்ளர்கூட வைக்கக் கூடாது, ஈரத்தடம் விழும் என்பது சட்டம். அதனால்தான் அதைக் கடைசிக்கு என்று ஒதுக்கியிருந்தார், தட்டில் பிடித்ததைக் கடைசி வாய்க்கு ஒதுக்குவது போல. கால்களையும் மரச்சட்டத்தையும் விட்டுவிட்டு மேல்பலகையை மட்டும் கழற்றினார். மெஷினின் வாய் கொள்ளும் அளவுக்குக் கைரம்பத்தால் துண்டு போட்டார். வாத்தாக்கவில்லை. ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும் புதிர்த் துண்டுகளாக, விரல் நுனி அளவில், வாரக்கணக்கில் வெட்டினார்.

வாத்து என்றால் அந்த ஆள் ஒரு நாள் கோபத்தோடு மறந்துவிடுவார், இது அவர் கையிலேயே இருக்க வேண்டும், உட்கார்ந்து சேர்க்க வேண்டும், முதுகு வலிக்க வேண்டும் என்றார். ஒரு படம்கூட இல்லாத புதிர் அது. மரத்தின் ரேகையைப் பார்த்துத்தான் சேர்க்க முடியும். என்றைக்காவது மேசையைக் கேட்டு அவர் வருவார் என்பதில் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை.

வந்தார். ஆனால் கேட்டது மேசையை மட்டும் அல்ல.

புருஷனுடைய தாய்மாமா முந்தின நாளே தகவல் சொல்லியிருந்தார். மேசையோடு மெஷினையும் ஏற்றிக்கொண்டு போகப் போகிறானாம், வாத்து விஷயம் காதுக்கு எட்டிவிட்டதாம். அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினார். படித்த பிள்ளை ஒருத்தன் பக்கத்தில் இருந்தால் பேச்சு மரியாதையாக இருக்கும் என்றார். குரல் அவருடையதாகவே இல்லை. ஒரு குழந்தையைப் பறிகொடுக்கப் போகிறவள் போல மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து துடைத்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் கட்டிலைக் கேட்டிருந்தாலும் வீட்டையே கேட்டிருந்தாலும் அவர் இப்படி வெளிறியிருக்க மாட்டார்.

புருஷனும் மாமாவும் வந்து உட்கார்ந்தார்கள். தொந்தியும் நடையும் வாத்தேதான்; நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். அவர் நாற்காலியில் முழுதாகச் சாய்வதற்குள் பேச ஆரம்பித்தார். மெஷின் தன் பெயரில் வாங்கியது, மேசை தன் அப்பா போட்டது, வண்டி வெளியே நிற்கிறது. மாமா நியாயஸ்தர். விட்டுவிட்டுப் போனவன் நீ, வெறும் வீட்டையா அவளுக்கு விடப் போகிறாய், இரண்டில் ஒன்றை எடு, ஒன்றை விடு என்றார்.

அக்கா எழுந்து உள் மூலைக்குப் போனார். அங்கே போர்வைக்கு அடியில் மேசையின் நாலு காலும் தெரிந்தன. ஒரு காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அழத் தொடங்கினார்.

"மாமா, மெஷினை வேணா எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. இந்த மேசையை மட்டும் எனக்கு விட்டுடச் சொல்லுங்க. மாமனாரே கூட இருக்கற மாதிரி இருக்கும்."

புருஷன் மட்டும் சரி என்று சொல்லிவிட்டால் மெஷின் போய்விடும், மிஞ்சுவது அந்தத் துண்டுகளின் மூட்டைதான். ஆனால் அக்கா அந்த ஆளோடு பதினைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவர். எதற்குத் தான் அழுகிறோமோ அதைத்தான் அவர் எடுப்பார் என்பது அவருக்குத் தெரியும்.

அந்த ஆள் சிரித்தார்.

"மெஷினை நீயே வெச்சுக்கோ. அதுல ஒரு கோடு நேரா வெட்டிடுவியா நீ? எனக்கு மேசைதான்."

அப்புறம் பேச்சு மாறக் கூடாது என்றார் மாமா. மாறாது என்றார் மருமகன். மாமா என் பக்கம் திரும்பி, "கேட்டுக்கிட்டீங்களா தம்பி?" என்றார். நன்றாகவே கேட்டுக்கொண்டேன் என்றேன்.

அக்கா புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போர்வையை உருவினார். நாலு கால், ஒரு சட்டம், அதன்மேல் பலகைக்குப் பதில் வாய் கட்டிய சாக்குமூட்டைகள்.

"எடுத்துக்கோ" என்றார். அதுவரை அவரை 'நீங்க' என்றே சொல்லிவந்தவர். "ஒரு துண்டு குறையாது. உப்புத்தாள் போட்டிருக்கேன், உன் கையில சிராய் ஏறாது."

அந்த ஆள் ஒரு மூட்டையை அவிழ்த்தார். கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். பிறகு அள்ளியதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த நிற்பை நான் மிகவும் ரசித்தேன் என்பதை மறைப்பானேன். இது மேசையா என்று மாமாவிடம் முறையிட்டார். மாமா இருமலை வரவழைத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"வார்த்தை குடுத்துட்டேடா. தூக்கு" என்றார், இருமல் அடங்கியதும்.

கதை அத்தோடு முடியவில்லை. சில மாதம் கழித்து மாமா சர்க்கரை பார்க்க வந்தவர் அக்காவிடமே கையை நீட்டிக்கொண்டு மிச்சத்தைச் சொன்னார். மருமகன் ரோஷக்காரன். குப்பையில் கொட்டியிருந்தால் தீர்ந்தது, கொட்டவில்லை. வேலை முடிந்து வந்ததும் தரையில் குப்புறக் கவிழ்ந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தானாம். முதுகுக்குத் தைலம் தேய்த்தே அந்தப் பெண்ணுக்குக் கை காய்த்துவிட்டதாம். கடைசியில் சேர்த்தும்விட்டான். தூக்கிச் சட்டத்தில் வைத்தால், நீளத்தில் இரண்டு விரல் குறைகிறது, அகலத்தில் ஒரு விரல். ஆணித்துளை ஒன்றும் பொருந்தவில்லை.

துண்டுகளைத் திருடிவிட்டாய் என்று புருஷன் போனில் கத்தினார். அப்போது நான் பக்கத்தில் இருந்தேன்.

"திருடலை. ஒவ்வொரு வெட்டுக்கும் ரம்பம் அதோட பங்கைத் தின்னும். தூளைக் கூட்டித் தள்ளிட்டேன். வேணும்னா தெருமுனைத் தொட்டியில தேடிப் பாரு."

போனை வைத்துவிட்டு அக்கா ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரித்து எனக்குப் பாதி கொடுத்தார்.

அதன் பிறகு மெஷின் கொஞ்ச நாள் உறைக்குள் கிடந்தது. புருஷனுடைய மரம் என்று வீட்டில் ஒரு குச்சி இல்லை. கடையில் புதுப் பலகை வாங்கி வந்தார், சுவரோரம் சாய்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். யாரை நினைத்து வெட்டுவது என்று தெரியவில்லை தம்பி என்றார். எங்கள் மேனேஜரை வேண்டுமானால் கடனாகத் தருகிறேன் என்றேன். இரண்டு நாள் அவரை வெட்டிப் பார்த்தார். ருசிக்கவில்லையாம், அடுத்தவர் பகை.

ஒரு மாலை போனபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பலகையில் படம் ஒட்டவில்லை, கோடும் இழுக்கவில்லை. ரேகை போன போக்கில் பலகையைத் திருப்பிக்கொண்டிருந்தார். வந்தது இலையும் இல்லை, அலையும் இல்லை. என்ன இது என்றேன். ஒன்றுமில்லை, சும்மா என்றார், கொஞ்சம் கூச்சத்தோடு. பிறகு ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போல அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "மன்னிச்சுட்டேன்னு மட்டும் நெனைச்சுடாதீங்க."

விவாகரத்து போன வருஷம் தீர்ப்பாயிற்று. ஊசியக்கா அதே வீட்டில்தான் இருக்கிறார். மதியம் வரை ரத்தம் எடுக்கிறார், சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டுவிட்டு வெளிச்சம் போகும்வரை பின்னறையில் மரம் வெட்டுகிறார்.