கரியில் எழுதின பெரட்டு

நனைந்த அடுப்புக்கரியின் வாசனை வந்தால் இன்னும் எனக்கு ஒரு பழைய சுவர் ஞாபகம் வரும். போன மாசம் றொசல்லை ஸ்டேஷனில் மழை. யாரோ குளிருக்கு மூட்டின நெருப்பு அணைந்து, பிளாட்பாரம் முழுக்க அந்த வாசனை. அதனால்தான் இன்றைக்கு இந்த ஜெபக்கூட்டத்தில் எழுந்து நிற்கிறேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

சிலோன் அரசாங்கம் எங்கள் தோட்டத்து ஆட்களின் வோட்டைப் பறித்து அப்போது நாலைந்து வருசம் இருக்கும். எனக்கு இருபத்தேழு வயது. றொசல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் டீச்சர். பள்ளிக்கூடம் என்றால் ஒரு அறை, ஒரு தகரக் கூரை, நான். கொழுந்து எடுக்கிறவள் பெற்ற பெண், விடுதியில் தங்கிப் படித்து, டீச்சராகத் திரும்பியவள். அம்மாவுக்கு அதில் பெருமை. எனக்கு அதில் பயம்.

பதிவில் முப்பத்தொரு பிள்ளைகள். வந்தது ஏழு. மற்றவர்கள் தம்பி தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்து வரிசைவீடுகளின் வாசலில் நின்றார்கள். ஐப்பசி மழையில் ஒரு நாள் தோட்டத்தை நடத்துகிற துரை வந்து ஜன்னல் வழியாகத் தலைகளை எண்ணினார். மாசக் கடைசியில் வருவேன், இருபது பிள்ளையாவது எழுதுகிறதைப் பார்க்கவேண்டும், இல்லையென்றால் இந்த அறை பிள்ளைக்காம்பராவுக்கு என்றார். கைக்குழந்தைகளை விட்டுப்போக இடம் போதாமல் இருந்தது உண்மை. அவர் கேட்டதில் குற்றமில்லை. ஆனால் அறை போனால் நானும் கூடையைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போகவேண்டியதுதான்.

முழங்கால் தேய ஜெபித்தேன். ஆண்டவரே, இந்தத் தாய் தகப்பன்மாரின் மனசை மாற்றும். தினமும் அதே வார்த்தை. எழுந்ததும் பிரம்பை எடுத்துக்கொண்டு அந்த ஏழு பேரிடம் போவேன். சத்தமில்லாமல் அழப் பழகிய பிள்ளைகள். ஏழு ஆறாயிற்று. நான் இன்னும் கூடுதலாக ஜெபித்தேன்.

ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்த்தேன். வராத பிள்ளைகளெல்லாம் அங்கே இருந்தார்கள், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, வரிசையாக. பெரட்டு விளையாட்டு. விடிகாலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்களே, அதேதான். செல்லாயி என்ற பத்து வயதுப் பெண் கணக்கப்பிள்ளை. ஒரு பலகைத் துண்டு அவளுக்குப் பேர்ப்புத்தகம். வாய் நிறைய வெற்றிலை இருக்கிற மாதிரி கன்னத்தை உப்பிக்கொண்டு, "ஏய் மாரி, நேத்து காய்ச்சலு, இன்னிக்கி கல்யாணமா?" என்று கேட்டு, எதையோ கிறுக்கினாள்.

பிரம்போடுதான் போனேன். மற்றவர்கள் சிதறினார்கள். அவள் ஓடவில்லை.

"டீச்சர், மாரி பேர நெசமா எப்புடிங்க எழுதுறது? நான் கிறுக்குறது பொய்யிங்கிறா இவ."

கீழே ஒரு அடுப்புக்கரி கிடந்தது. சுவரில் எழுதிக் காட்டினேன். மாரி வந்து தன் பேரைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் கரி. அடுத்தவள் தன் பேரைக் கேட்டாள். அதற்கடுத்தவளும். திரும்பும்போது ஒரு விதி போட்டேன். எல்லார் பேரையும் எழுதத் தெரிந்தவர்தான் கணக்கப்பிள்ளை.

மறுநாள் பத்தொன்பது பேர். குழந்தைகளையும் தூக்கிக்கொண்டே வந்தார்கள், வரட்டும் என்றேன். நான் கேட்டது பெற்றவர்களின் மனசு மாற. ஆண்டவர் முதலில் என் கைப்பிரம்பை வாங்கிக்கொண்டார்.

ஒரே ஒரு தொல்லை. யாரும் துரையாக நிற்க ஒப்பவில்லை. துரைக்கு எழுதுகிற வேலை கிடையாதே. அதனால் எந்த நாளும் பட்டியலின் கடைசி வரி ஒன்றுதான்: துரை வரல.

மாசக் கடைசி வந்தது. முந்தின நாள் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளை அடித்தார்கள். விடிந்து பார்த்தால் பின்சுவர் முழுக்கக் கரியில் பேர்கள், அவரவர் கையெழுத்தில். புதுச் சுவரைப் பார்த்த பிள்ளைகளுக்குக் கை சும்மா இருக்குமா? துரைக்கு அடுத்தபடி தோட்டத்தைப் பார்க்கிற கண்டாக்கு ஐயாதான் முதலில் கண்டார். டீச்சருக்கு இன்னிக்கே கூடை குடுத்திடலாம் என்று பல்லைக் கடித்தார். ஒரு ஓரத்தை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். பரவியது, போகவில்லை. அந்த வாசனை மட்டும் எழும்பிற்று. ஆண்டவரே என்றேன். அவ்வளவுதான்.

துரை நேராகப் பின்பக்கமே வந்தார். சுவரைப் பார்த்தார். தமிழ் பேசுவார், வாசிக்கத் தெரியாது; கண்டாக்கை வாசிக்கச் சொன்னார். மாரி, செல்லாயி, ராக்கு, பழனி என்று அவர் வாசிக்க வாசிக்க, வரிசையில் நின்ற பிள்ளைகள் பழக்கத்தில் ஒவ்வொன்றாக "இருக்கேங்க" என்றன. இருபத்தாறு குரல். கடைசி வரியில் கண்டாக்கு நின்றுவிட்டார். துரை அவரைப் பார்த்தார்.

"துரை... வரல" என்று வாசித்தார், பாவம்.

துரை சிரிக்கவில்லை. அந்த வரியை எழுதினது யார் என்றார். செல்லாயி முன்னே வந்தாள். அவர் குனிந்து ஒரு கரித்துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இன்னிக்கி வந்தாச்சு. மாத்து."

மாற்றினாள். எழுத்து கோணல். ஆனால் படிக்க முடிந்தது. அவர் விரலைத் துடைத்துக்கொண்டு போனார். அறை எங்களுக்கே நின்றது. பெஞ்சு கேட்டேன், அது கிடைக்கவேயில்லை.

செல்லாயி பன்னிரண்டு வயதில் பேர் பதிந்து மலைக்குப் போனாள். படிப்பை விடவில்லை. கூடையை இறக்கிவிட்டு வந்து பாடம் கேட்பாள். லயத்துக்கு வருகிற இந்தியக் கடிதமெல்லாம் அவள்தான் வாசித்தாள். நான் மறுபடி பிரம்பைத் தொடவில்லை.

இதை அற்புதம் என்று நீங்கள் சொல்லவேண்டாம், நான் சொல்கிறேன். உங்களில் யாருடைய ஜெபமாவது பதிலில்லாமல் கிடந்தால் விட்டுவிடாதீர்கள். அவரை நம்பி இருங்கள். இருக்கிறபோதே ஒரு தரம் பின்பக்கமும் எட்டிப் பாருங்கள். எனக்கு அங்கேதான் வைத்திருந்தார்.

போன மாசம் றொசல்லையில் செல்லாயியை ரயிலேற்றத்தான் போயிருந்தேன். புருசன், இரண்டு பிள்ளைகள், ஒரு தகரப் பெட்டி. இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள். அவள் பார்த்தேயிராத ஊர். நான் ஜெபிக்க வாயெடுத்தேன், அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். வண்டி அசைந்தது. ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து அவள்தான் பேசினாள்.

"அங்கயும் ஒரு செவுரு இல்லாமலா போயிரும், டீச்சர்? மொதப் பேரு ஒங்க பேருதான் எழுதுவேன். 'வரல'ன்னு மட்டும் போடவே மாட்டேன்."